எத்தனை கன அடி

மேசையில் வெண்ணாற்று மதகு லஸ்கர் அமிர்தகடேசன்.
கட்டியை எடுக்குமுன் அதன் ஓரத்தில்
மயிரிழைக் குழாய் ஒன்று செருகினோம்.
மூளை ஊறிக்கிடக்கும் நீர்
அதன் வழியே கசியுமா என்பதே சோதனை.

நேற்று கையெழுத்திடும்போது கேட்டார்:
"எத்தனை கன அடி, டாக்டர்?"
சிரித்தேன்.
"இதனால எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல, இல்லையா?"
ஆமாம் என்றேன். அப்போதும்
கைநாட்டு வேண்டாமென்று
பேனாவை வாங்கி, தலைப்பெழுத்தோடு எழுதினார்.

முதல் குப்பி வெறுமை.
குழாயில் குமிழி.
சிஸ்டர் தில்ஷாத் சுண்டிவிட்டாள்.

பத்து நாற்பதுக்கு
அடியில் ஏதோ மினுங்கியது,
வியர்வை என்றாலும் நம்பலாம்.
பெயர் ஒட்டி ஐஸில் வைத்தோம்.

மாலையில் கண் விழித்தவர் முனகினார்:
"தண்ணி வந்துருச்சா?"

தஞ்சாவூரில் அது ஜூன் மாதம்.
வந்துவிட்டது என்றேன்,
எந்தத் தண்ணீர் என்று கேட்காமல்.