கடுக்கிறது

கண்ணாடிக் கூண்டுக்குள் நான்.
காதில் அவர் மூச்சு.
ஈசூன் உறுப்பினர் தவமலர் பெரியண்ணன்
இன்று தமிழில் பேசுகிறார் என்று
காலையிலேயே தாள் வந்துவிட்டது.
தாளில் உள்ளதைப் பேச மாட்டார் என்பது
மூன்று ஆண்டு மொழிபெயர்த்ததில் தெரியும்.

எட்டு நிமிடம்.
முதல் ஐந்தும் எண்கள்:
தொகுதியில் துப்புரவாளர் எத்தனை பேர்,
அறுபத்தைந்தைத் தாண்டியோர் எத்தனை,
குப்பைக்கூடத்தின் பக்கத்தில்
கால் நீட்ட இடமுள்ள புளோக்குகள் எத்தனை.
எண்களால் எனக்குத் தொல்லையில்லை.
எந்த மொழிக்கும் அவை
செருப்புப் போட்டுக்கொண்டே போய்விடும்.

ஆறாம் நிமிடம்
தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"திங்கட்கிழமை மக்கள் சந்திப்புக்கு
திருவாட்டி கோ பெக் சூ வந்திருந்தார்.
கடிதம் எதுவும் வேண்டாம் என்றார்.
ஒரு நாற்காலி கேட்டார்.
கால் கடுக்கிறது.
அவ்வளவுதான், மன்ற நாயகர் அவர்களே,
கால் கடுக்கிறது."

எனக்கு இருப்பது இரண்டு நொடி.

ஹொக்கியனில் சொல்லியிருப்பார்: கா சுங்.
கால் புளிக்கிறது என்று பொருள்.
தொண்டூழியப் பையன் அதை
ஆங்கிலத்தில் இறக்கி வைத்திருப்பான்.
தவமலர் எடுத்துத் தமிழுக்கு ஏற்ற,
வழியில் சிந்திய புளிப்பு
தானே வந்து ஒட்டிக்கொண்டது.
கள்ளும் கடுக்கும், காலும் கடுக்கும்.

அதை நான் மறுபடி ஆங்கிலத்துக்கு அனுப்ப வேண்டும்.
வலி என்றேன்.
வேறென்ன சொல்ல.
வலிக்குத் தைலம் உண்டு.
கடுப்புக்கு ஆள் உட்கார்ந்தாக வேண்டும்.
இதை நினைத்து முடிப்பதற்குள்
அவர் இரண்டு வாக்கியம் தள்ளிப் போயிருந்தார்.
ஓடிப் பிடித்தேன்.

அமைச்சர் எழுந்தார்.
குத்தகையாளர்களோடு கலந்து ஆராய்வோம் என்றார்.
அந்த ஒரு சொல்தான்
நான்கு மொழிக்கும்
சொட்டுச் சிந்தாமல் போய்ச் சேர்கிறது.

அந்த மாதம் அவர் வேறு என்னென்னவோ செய்தார்.
சமூக மன்றத்தில் கேரம் போட்டியைத் தொடக்கி
மாவு படிந்த விரலோடு படத்தில் நின்றார்.
கொசு ஒழிக்கப் பூச்சட்டித் தட்டுகளைக் கவிழ்த்தார்.
மின்தூக்கி நின்ற இரவு
பன்னிரண்டு மாடி ஏறிப் போய்
மூச்சு வாங்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்டாராம்.

நாற்காலியும் வந்தது.
எங்கள் புளோக்கின் அடியில்தான்.
(நான் அங்கே குடியிருக்கிறேன்.
கூண்டுக்குள் அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.)
நீலப் பிளாஸ்டிக். தூணோடு சங்கிலி.
முதுகில் நகர மன்ற முத்திரை.
கோ பெக் சூ அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.
ஒருநாள் அவர் வாளி உட்கார்ந்திருந்தது.
ஒருநாள் பூனை.

வியாழன் இரவு ஒன்பதரைக்கு
கதவு தட்டப்பட்டது.

"எப்படி இருக்கீங்க சார், ஏதாச்சும் குறை?"
"ஒன்னுமில்ல. நாற்காலிப் பேச்சக் கேட்டேன்."
"டிவியிலயா?"
"கூண்டுக்குள்ளேருந்து."

சற்று நேரம் என் வாயையே பார்த்தார்,
அங்கே தன் குரலைத் தேடுபவர் போல.

"கடுக்கிறதுக்கு என்ன போட்டீங்க?"

சொன்னேன்.

"ம்" என்றார். "நானும் அதத்தான் போட்டிருப்பேன்."

பிறகு அடைந்த வடிகால் பற்றிப் பேசினோம்,
நடைபாதையில் நிற்கும் சைக்கிள்கள் பற்றி,
எதிர்வீட்டுச் சாம்பிராணிப் புகை பற்றி.
பேசிக்கொண்டே அவர்
இடக்காலிலிருந்து வலக்காலுக்கு
வலக்காலிலிருந்து இடக்காலுக்கு
உடம்பை மாற்றிக்கொண்டிருந்தார்.
மேலே பதினொரு மாடி முடித்துவிட்டு வந்திருக்கிறார்.
கீழே இன்னும் நான்கு.

இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம்,
என் கூடத்தில்,
ஆறு நாற்காலிகள்.

அவர் அடுத்த வீட்டு மணியை அழுத்திய பிறகுதான்
எனக்கு உறைத்தது.