மழையா, மலையா

மாங்குளம் சந்தி ரயர் கடையில்
இன்றைக்கும் அதே சண்டை:
இரண்டாம் சரணத்தில் அவள் பாடுவது
மழையா, மலையா.

"மழைதான். என்ர கசற்றைப் போட்டுப் பார்."
நகுலேசின் கசற், தொண்ணூற்றேழில்
றேடியோவில் பிடித்தது.
பற்றரி இல்லை. கவிழ்த்து வைத்த சைக்கிள்,
டைனமோ. பெடல் சுற்றியது குலம்.
அந்த இடத்தில்தான் கை மாற்றினான்;
சொல் இழுபட்டுக் குழைகிறது.

போன கிழமை
கனடா மச்சாள் இசைத்தட்டே கொண்டுவந்தாள்.
உறை கசங்காதது, நூறு டொலர்.
வவுனியாவில் பிளேயர் இரவல் வாங்கி
ஊசி வைத்தோம்.

மலை.
சந்தேகமேயில்லை, மலை.

நகுலேஸ் எழும்பிப் போய்
கிறீஸ் கையைக் கழுவினான்.
"தட்டு பிழை" என்றான்.
இருபது வருசமாய் மலை மலையென்று கத்தின நான்
வாய் திறக்கவில்லை.

குலம் இருந்தால் சொல்லுவான்,
எந்த எழுத்தில்
கை வலித்ததென்று.