உகுரு

நாலாவது மாடி அனகா வீடு காலி செய்தாள்.
குக்கர், செருப்பு ஸ்டாண்டு, பாதி சிலிண்டர்,
பட்டியலின் கடைசியில் ஒரு கொலை:
‘துப்பறியும் விளையாட்டு. ஒருமுறைதான் ஆடியது. முந்நூறு.’
இருநூற்றைம்பதுக்குப் பேசி
செல்வின் தூக்கிக்கொண்டு வந்தான்.
மறுநாள் அவள் லாரி ஹூப்ளிக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை. கக்கதாசபுராவில் விடாத மழை.
சுண்டல் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுப்
பிணத்தைப் பரப்பினோம்.
உடற்கூறு அறிக்கை, மருந்துக்கடை ரசீது,
ஓரம் கருகியதுபோல் அச்சடித்த கடிதம்,
எஸ்டேட் வரைபடம், ஐந்து முகங்கள்.
நான்கு உறைகள். மூன்று கிழிந்திருந்தன.
நான்காவது
கடையில் ஒட்டிய பசையோடு அப்படியே.

‘ஒருமுறை இல்லை, முக்கால்முறை’ என்றாள் நஸ்ரின்.
இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பிரிவில் இருக்கிறாள்,
யாரையும் நம்பாமலிருக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

இங்கிலீஷில் வாசித்தோம், தமிழில் சண்டை போட்டோம்.
செல்வினுக்குத் தோட்டக்காரன்.
நஸ்ரினுக்கு டாக்டர்.
எனக்கு மருமகள், காரணம் கேட்காதீர்கள்.
பியானோ டீச்சரை யாரும் கண்டுகொள்ளவில்லை,
பாவம், அவள் மூன்று பக்கம் அழுதிருந்தாள்.

ஓரங்களில் எல்லாம் பென்சில். கன்னடம்.
பஸ் போர்டு பார்த்துக் கற்ற எழுத்து எனக்கு,
மெஜஸ்டிக், சில்க் போர்டு தாண்டி
அதிக தூரம் போகாது.
ஆனாலும் தெரிந்தது, இரண்டு கைகள்.
ஒன்று சின்னதாக ‘யாகெ?’ என்று மட்டும் கேட்கும்.
மற்றது அழுத்தி, சாய்த்து,
பத்தி பத்தியாகப் பதில் சொல்லும்.
மூன்றாம் உறைக்குள்
பதில்கள் மட்டும்தான் இருந்தன.

கரண்ட் போனது.
செல்வின் மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான்.
பியானோ டீச்சரின் படத்துக்குக் கீழே
காகிதம் லேசாகப் பள்ளமாகியிருந்தது.
எழுதி அழித்த சொல்.
விரலால் தடவி, ஒவ்வொன்றாக:
உ. கு. ரு.

ஊர்ப் பெயரா என்றான் செல்வின்.
குருவா என்றாள் நஸ்ரின்.
எனக்கு எட்டாம் வகுப்புச் செய்யுள் ஒன்று,
ஐந்து மார்க்குக்கு விழுங்கி மறந்தது,
எங்கிருந்தோ புரண்டு வந்தது.
புலி. அதன் உகிர்.

நகம்.

மூன்று தலைகளும் படத்தின் மேல் முட்டிக்கொண்டன.
கட்டைகளின் மேல் அவள் கை.
நீளமாக வளர்த்துச் சாயம் பூசிய பத்து நகங்கள்.
பியானோ வாசிக்கிறவள் அப்படி வளர்ப்பாளா?
வாசித்ததே இல்லை அவள்.
நான்காம் உறையைக் கிழித்தோம்.
அவள்தான்.

சுண்டல் தீர்ந்தது. கரண்ட் வந்தது.
ஜெயித்த மாதிரியே இல்லை.
முதல் உறையிலேயே ஒருத்தர் கண்டுபிடித்திருக்கிறார்,
மற்றவர் பத்தி பத்தியாகப் பேசி
அழிக்கவைத்திருக்கிறார்.
இதில் அனகா எந்தக் கை?
ஜூன் மாதமே புல்லட்டை எடுத்துக்கொண்டு
போன மனிதரை
இந்தக் கட்டடத்தில் யாரும் விசாரித்ததில்லை.
நானும்தான்.

வேண்டாம் என்றான் செல்வின்.
அனுப்பிவிட்டேன், என் ஓட்டைக் கன்னடத்தில்:
‘கேஸ் முடிந்தது. உகுரு என்று எழுதினவர்
சொன்னதுதான் சரி.’

இரண்டு நீலக் கோடுகள்.
டைப் செய்கிறார். நின்றது. டைப் செய்கிறார்.
தண்ணீர் டேங்கர் வந்து, நிரப்பி, போயும்விட்டது.
பிறகு இரண்டே சொல்:
‘அளிஸித்து நானே.’

அழித்தது நானே.
எழுதியதும் அவள்தானா,
எழுதியவர் கையிலிருந்து ரப்பரைப் பிடுங்கியவளா,
அதை அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.
அவர்களுக்கு அளிசு என்றால் அழி.
நமக்கு அளி என்றால் கொடு.

பெட்டியை மூடும் முன்
பென்சில் எடுத்து
அந்தப் பள்ளத்தின் மேலேயே திரும்ப எழுதினேன்.
உகுரு.
கடைசி எழுத்தின் வால் மட்டும்
தமிழாகிவிட்டது.