இரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு

முஹரக்கில் எங்கள் பள்ளிக்கு
மணியைவிட விமானம்தான் சத்தம்.
ஓடுபாதைக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே
நாலைந்து தெரு.
அது இறங்கும்போது ஷைலஜா மிஸ்
பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார்.
"பதினேழில் ஒன்பது போனால்..."
முப்பது பிள்ளைகளும் கூரையைப் பார்ப்பார்கள்.
பதினேழு அந்தரத்தில் தொங்கும்.
பிறகு எட்டு தரையிறங்கும்.

பழைய வில்லாதான் இப்போது பள்ளி.
அவர்கள் வகுப்பு, யாரோ விருந்தினரை உட்காரவைத்த மஜ்லிஸ்.
என் அலுவலகம் அதை ஒட்டிய சமையலறை.
நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு, அவ்வளவே.
படிவங்கள், பேருந்துக் கட்டணம்,
தொலைந்த தண்ணீர் பாட்டில்கள் என் இலாகா.
(இன்றைக்குப் பதினொன்று. மூடி மட்டும் ஆறு.)

நவம்பரில் ஒரு ஞாயிறு,
இங்கே வாரத்தின் முதல் வேலை நாள்,
நகக்கண்ணில் கிரீஸ் போகாத ஒருவர் வந்தார்.
அவர் சட்டை நுனியைப் பிடித்தபடி ஒரு சிறுமி.
ரெஃபினா. ஊர் குளச்சல் பக்கம்.
சிபிஆர் அட்டை வந்துகொண்டிருக்கிறது என்றார்.
மாற்றுச் சான்றிதழும் வந்துகொண்டிருக்கிறது.
அட்டை இல்லாமல் எண் இல்லை,
எண் இல்லாமல் கணினி பெயரை எடுக்காது.
அதைச் சொல்ல என் வாய்க்கு நல்ல பழக்கம்.
சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலைமையாசிரியை ஹஃப்ஸா மேடம் எட்டிப் பார்த்தார்.
"கணினி எடுக்காவிட்டால் என்ன,
நாற்காலி எடுக்கும்" என்றார்.
அந்த நாற்காலியை
மாடியிலிருந்து தூக்கி வந்தது நான்.

பதிவேட்டில் முப்பதுக்குக் கீழே
பென்சிலால் எழுதினேன்:
31. ரெஃபினா.

பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள்.
சத்தம் வராது.
மிஸ் அந்த நிற்றலுக்கே ஒரு டிக் போட்டார்.
முஸாப் தன் பேரீச்சம்பழத்தில் பாதி கொடுத்தான்,
கடித்த பாதி.
பிரீதம் கழிப்பறைக்குப் போகும் வழியைப்
படம் வரைந்து கொடுத்தான். அம்புக்குறி தப்பு.
பையன்கள் பக்கம் போய் நின்றுவிட்டாள்.
யாரும் சிரிக்கவில்லை.
சரி, சிரித்தார்கள். பிறகு
பிரீதமே கூட்டிக்கொண்டு போனான்.

பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ,
பெரிய விமானம் ஒன்று கூரையைத் தொட்டுக்கொண்டு போனது.
அது போனதும் முஸாப் எழுந்தான்:
"மிஸ், இவள் பேசினாள்!"
"என்ன பேசினாள்?"
"தெரியாது. விமானம் தின்றுவிட்டது."

அன்றிலிருந்து அவர்களுக்கு அது தெரிந்துபோனது.
அந்த இரைச்சலுக்குள் எதையும் சொல்லலாம்.
அரபியில், துளுவில், தெலுங்கில், தகாலோகில்
முப்பத்தொரு வாய் ஒரே நேரத்தில் திறக்கும்.
தடுப்பின் இந்தப் பக்கம் எனக்குக்
கண்ணாடி டம்ளர் அதிர்வது மட்டும் கேட்கும்.
அதட்டுவார் என்று நினைத்து ஒருநாள் எட்டிப் பார்த்தேன்.
ஷைலஜா மிஸ்ஸின் உதடும் அசைந்தது.
மலையாளமாக இருக்கலாம்.
முகம் கோபம்போல இருந்தது, கோபம் இல்லை.

பிறகு ஒரு புதன்கிழமை,
வந்தது சின்ன விமானம்.
எல்லோரும் நினைத்ததைவிடச் சீக்கிரம் போய்விட்டது.
எல்லா வாயும் மூடிக்கொண்ட அந்த வெறும் அமைதியில்
ஒரு குரல் மட்டும் மாட்டிக்கொண்டது:

"எனக்க பென்சில் முனை ஒடிஞ்சு போச்சு!"

தமிழ் தெரிந்தவள் என்று பார்த்தால்
அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.
ஆனாலும் நான் எழுந்து போவதற்குள்
அவள் மேசையில் ஏழு ஷார்ப்பனர்.
ஒன்று மீன் வடிவம்.

ஜனவரியில் அட்டை வந்தது.
பென்சில் மேலேயே பேனாவை ஓட்டினேன்.
சாய்த்துப் பிடித்தால் அடியில்
ஈயம் இன்னும் மினுங்குகிறது.
அதே வாரம் பன்னிரண்டாம் எண்ணில்
சிவப்புக் கோடு போட வேண்டியிருந்தது.
சான்வி. அப்பாவுக்கு வேலை போய்விட்டது,
வியாழக்கிழமை இரவே கிளம்பிவிட்டார்கள்.
அவள் பாட்டில் இங்கேதான் இருக்கிறது,
ஊதா நிறம், பெயர் எழுதியது.

மதியம் இரண்டே காலுக்கு ஒரு விமானம் உண்டு.
பிள்ளைகள் போயிருப்பார்கள்.
பதிவேட்டை மூடிவிட்டு
நானும் ஏதோ சொல்கிறேன்.
என்னவென்று கேட்காதீர்கள்.
பன்னிரண்டு பாட்டில்களுக்குத் தெரியும்.