பதினொரு டிகிரி

பிதோம் நகரத்து அடுக்ககத்தில்
கொதிகலன் நின்று இன்றோடு ஒன்பது நாள்.
வீட்டிலிருப்பது ஒரே வெப்பமானி,
அதுவும் மீன்தொட்டியின் கண்ணாடியில்.

ரெகினா கம்பளிக் கோட்டோடு சமைக்கிறாள்,
கோட்டோடு தூங்குகிறாள்.
தங்கமீன் கூழாங்கல்லை ஒட்டி நிற்கிறது,
எண்ணிக்கை தவறி
மறுபடி முதலிலிருந்து எண்ணுவதுபோல்
செவுள் மட்டும் அசைய.
போட்ட தீனி ஊறிக் கிடக்கிறது.

தொட்டியில் ஊற்றத்தான் ஒரு கோப்பை வெந்நீர் வைத்தாள்.
மீன் விற்றவன் சொன்னது நினைவுக்கு வந்தது:
குளிர் கொல்லாதம்மா, திடீர்ச் சூடுதான் கொல்லும்.
அந்த நீரில் தேநீர் போட்டுக் குடித்தாள்.

பிறகு குடியிருப்பு அலுவலகத்துக்குப் பேசினாள்.
"இங்கே பதினொரு டிகிரி."
"எதில் அளந்தீர்கள்?"
"மீன்தொட்டியில்."
மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம்.
பிறகு, உண்மையான அக்கறையோடு:
"தங்கமீனா? கவலைப்படாதீர்கள்,
அதற்குப் பதினொன்று போதும்.
தீனியை மட்டும் குறையுங்கள்."

தெருவுக்கு அடியில்
தோண்டி முடித்த நிலக்கரிச் சுரங்கம்,
ஊரளவு வெறுமை.

தொட்டியில் உள்ளங்கையை வைத்தாள்.
மீன் மெல்ல மேலேறி வந்து
ஐந்து விரலையும் பார்த்தது.
திரும்பிப் போய்
அதே கல்லருகில் நின்றுகொண்டது.