முனைப் பாரம்

எதை இழுக்கப் போகிறீர்கள், என்றார் கடைக்காரர்.
படகா, குதிரை டிரெய்லரா?
ஒரு கட்டில், என்றேன்.
தௌவ என் முழங்கையை இடித்தான்.
கேரவன், என்று திருத்தினான்.

ஆனால் கட்டில்தான்.
டென்மார்க்கில் ஒரு விடுதி, ஆர்டென் காட்டில் ஒரு குடில்,
டெக்ஸல் தீவில் என் தோழியின் மாடியறை,
எங்கேயும் முதல் இரவைத் தாண்டியதில்லை.
வேற்றுத் தலையணையில் யோரித்துக்குக் கண் மூடாது.
மூன்று மணிக்கு
ஈரத் துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவோம்.
போல்ஸ்வர்ட் என்ற பலகை
விளக்கொளியில் தெரிந்ததும்
பின்னிருக்கையில் தூங்கிப்போவான்.
சரி, அவன் கட்டில் நம் பின்னாலேயே வரட்டும்
என்று முடிவெடுக்க
எங்களுக்கு ஆறு வருடம் ஆனது.

கொக்கியில் மூன்று வகை இருந்தது.
அசையாமல் நிற்பது.
சாவி போட்டுக் கழற்றுவது.
பொத்தானை அமுக்கினால்
நாக்கை இழுத்துக்கொள்வதுபோல
பம்பருக்கடியில் மடங்குவது;
அதன் விலையில் பாதிக் கேரவன் வந்துவிடும்.
தௌவவுக்குக் கழற்றுவதில் ஆசை.
இழுக்காத நாளில் கார் காராக இருக்க வேண்டுமாம்.
கழற்றியதை எங்கே வைப்பாய், என்றேன்.
அவன் சாவி தேடாத காலை ஒன்றைப்
பதினான்கு வருடத்தில் நான் கண்டதில்லை.
அசையாததையே வாங்கினோம்.

அதில் அறைந்திருந்த தகட்டை
டார்ச் அடித்துப் படித்தேன்.
ஆயிரத்து இருநூறு கிலோவரை இழுக்கலாம்.
தலைமேல் தாங்குவது மட்டும்
எழுபத்தைந்து.
இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
சொல்லவில்லை.

நவம்பர் சனிக்கிழமை, சாய்ந்து பெய்யும் மழை.
தௌவவின் தம்பி சீட்ஸ
ரொட்டி டப்பாவில் ஸ்பேனர்களோடு வந்தான்.
பம்பரின் கிளிப்புகள் ஒவ்வொன்றாய்ப் பல்லுடைந்தன.
உள்ளே பாப்ளர் இலை, எலி கொறித்த பஞ்சு,
எப்போதோ தொலைந்த நீலக் கையுறையின் கட்டைவிரல்.
மோதலை வாங்கிக்கொள்ளும் அலுமினியச் சட்டம் ஒன்றும்.
அது போனால்தான் இது உட்காரும்.
இப்போது ஷெட்டில் பனிச்சறுக்குக் காலணிகளோடு
சாய்ந்து நிற்கிறது.
எதற்கும் இருக்கட்டும் என்கிறான் தௌவ.

போல்ட்டுகளைத் தொண்ணூற்றைந்துக்கு முறுக்கினார்கள்.
டக் என்றதும் நிறுத்து, டக் என்றதும் நிறுத்து.
பிறகு வயர்கள்.
பதின்மூன்று துளைகள், பதின்மூன்று நிறமில்லை,
சீட்ஸ மூக்குக் கண்ணாடியையும் கொண்டுவரவில்லை.

பக்கத்துவீட்டு டிரெய்லரின் விளக்குப் பலகையை
இரவல் வாங்கி, தரையில் நிறுத்தி,
பின்னால் யோரித்தைக் குந்தவைத்தோம்.
நான் வலது போட்டேன்.
இடது, என்றான்.
மறுபடி வலது.
இடது.

அவன் நம்மைப் பார்த்தல்லவா உட்கார்ந்திருக்கிறான்,
மாறித்தான் தெரியும், என்றான் சீட்ஸ.
தௌவ தலையாட்டினான். நானும்.
அவன் சொல்வதைத் திருப்பிப்போட்டே புரிந்துகொள்ள
அவ்வளவு பழகியிருந்தோம்.

இடது, என்றான். குரல் உயரவில்லை.

இறங்கிப்போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.
காரும் அவனும் நானும்
ஒரே திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இடது மினுக்கியது. மினுக்கியது.
மஞ்சளையும் பச்சையையும்
சீட்ஸ மாற்றிச் சொருகியிருந்தான்.
ஒன்றும் பேசாமல்
மறுபடி மூடியைத் திறந்தான்.
தௌவ உள்ளே போய்
எல்லோருக்கும் காபி கொண்டுவந்தான்,
யோரித்துக்கும் ஒரு கோப்பை, பால் நிறைய.

பழைய டென்னிஸ் பந்தைக் கீறிக்
கொக்கிக்குத் தொப்பி போட்டாயிற்று.
அதற்குள் என் கால் எலும்பில் நீலம் பாரித்துவிட்டது.
ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின்
போல்ட்டுகளை மீண்டும் முறுக்கவும், என்கிறது குறிப்பேடு.
இன்றைய எண்ணை ஃப்ரிட்ஜில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கேரவன் வர இன்னும் மூன்று வாரம்.
இரவல் பலகையைத் திருப்பித் தரவில்லை.
சாப்பாட்டுக்கு முன் யோரித் போய்ப்
பின்னால் குந்துகிறான்.
நான் உள்ளே உட்கார்ந்து வலது போடுகிறேன்.
வலது, என்கிறான்.