ஓதம் ஏறும் நேரம்

முதலில் அவளை ஈசூனில்தான் ஓடவிட்டேன்.
எங்கள் புளோக்கின் கீழ்த்தளம்.
குழல்விளக்கு அத்தனையும் எரிகிறது.
கல்மேசையில் யாரோ பாதி குடித்த கோப்பி.
துரத்தி வந்தவன்
மின்தூக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு
மூச்சு வாங்கக் காத்து நிற்கிறான்.
பக்கத்தில் கீரைக்கட்டோடு ஓர் அம்மாள்
"எத்தனாவது மாடி தம்பி?" என்கிறாள்.
மூன்று இரவு எழுதியும்
ஒருவருக்கும் வேர்க்கவில்லை.

நாலாம் இரவு
சாங்கிப் படகுத்துறையில்
பன்னிரண்டு பேர் சேரும்வரை உட்காரவைத்து
சுலைகாவை உபின் தீவுக்கு அனுப்பினேன்.
தோளில் அதே நீலப் பை.
உள்ளே என்ன என்று
நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

கடைசிப் படகு திரும்பியது.
அதற்குமேல் நான் அதிகம் எழுதவில்லை.

சேறு டொக், டொக்கென்று
தனக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.
கண்டல் வேர்கள் விரல்விரலாய் மேலே நீட்டின.
தாழ இறங்கும் ஒவ்வொரு விமானமும்
அவன் காலடியை விழுங்கிக்கொண்டு போனது.
இரைச்சல் அடங்கியதும்
காலடி
இன்னும் பக்கத்தில்.

எதிர்க்கரையில் ஜொகூர் விளக்குகள்,
கைக்கெட்டும் தூரம்போல,
ஒன்றுக்கும் உதவாமல்.

அத்தியாயத்துக்குப் 'பழி' என்று பெயர் வைத்திருந்தேன்.
அவன் இடுப்பில் கத்தியும் வைத்திருந்தேன்.
ஓதம் ஏறுவதை மட்டும் மறந்துபோனேன்.

முழங்கால். தொடை.
ஒரே மரத்தின் இரண்டு வேர்களில்
அவளும் அவனும் தொற்றி நிற்க
நடுவே கறுப்புத் தண்ணீர்.
டார்ச்சை அணைத்துவிட்டு அவன் கேட்டான்:
"உனக்கு நீந்தத் தெரியுமா?
எனக்குத் தெரியாது."

இந்த வரி என்னுடையது இல்லை.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார்கள்.
தேர்வுக்காக மனப்பாடம் செய்து
எட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
கடலோரம் கொண்டுவந்து விட்டால்
துரத்துகிறவனும் காத்திருக்கத்தான் வேண்டும் என்பது
அன்றைக்கு யாருக்கு உறைத்தது?

பை அவள் தோளிலிருந்து நழுவி
ஜொகூர்ப் பக்கம் போகிறது.
மிதக்கிறது.
அப்படியென்றால் தங்கம் இல்லை.
இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
நீர் வடிய இன்னும் ஐந்து மணி நேரம்.

மடிக்கணினியை மூடிவிட்டு
நடைபாதைக்கு வந்தேன்.
ஈசூனில் விடியற்காலை மூன்றரை.
விளக்கெல்லாம் எப்போதும்போல எரிகின்றன.
கூப்பிடாமலே மின்தூக்கி வந்து
என் மாடியில் திறந்தது.
உள்ளே யாரும் இல்லை.
தரை மட்டும் ஈரம்.